முகம் வரைதல்: புதுச்சேரி, கடலூர்ப் பக்கத்து ஓவியர்களும் மாணவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடல், கோயில், பழைய பிரெஞ்சு வீடுகள் என்று வரைய எவ்வளவோ இருக்க, சிலருக்கு ஏன் முகத்தின் மேல் மட்டும் இத்தனை ஈர்ப்பு?

பிறந்து சில மணி நேரமே ஆன குழந்தைகூட முகம் போன்ற வடிவத்தின் பக்கம் பார்வையைத் திருப்புகிறது. முகங்களைப் பார்க்கும்போது மட்டும் மிகுதியாக வேலை செய்யும் ஒரு பகுதி நம் மூளையில் உண்டு. தென்னை மட்டையை ஒரு சாண் தள்ளி வரைந்தால் யாரும் கேட்கப் போவதில்லை. கண்ணின் கடைக்கோடி 2 மில்லிமீட்டர் இறங்கிவிட்டால், ஓவியமே பார்த்துப் பழகாத பாட்டிகூட "இது நம்ம பையன் இல்லையே" என்று சொல்லிவிடுவார். பார்க்கிறவர் எல்லோருமே தேர்ந்த பரிசோதகர்கள் என்பதுதான் இந்த வேலையின் கடினம். ஓவியரை இழுப்பதும் அதுவே.

இந்த ஈர்ப்பு பழையது. ரோமானியர் ஆட்சிக் கால எகிப்தில், ஃபயூம் பகுதியில், மரப்பலகையில் உருக்கிய மெழுகு வண்ணத்தால் வரைந்து இறந்தவரின் உடலோடு வைத்த முகங்கள் இன்றும் நம்மை நேராகப் பார்க்கின்றன. ரெம்பிராண்ட் (1606–1669) ஓவியம், செதுக்கச்சு, கோட்டோவியம் எல்லாம் சேர்த்தால் ஏறத்தாழ 80 முறை தன் முகத்தையே வரைந்தார். அமெரிக்கரான சக் குளோஸுக்கு (1940–2021) முகங்களை அடையாளம் காண முடியாத குறைபாடு இருந்தது. அவர் வாழ்நாள் முழுக்கப் பிரம்மாண்டமான முகங்களையே கட்டம் கட்டமாக வரைந்தார்; தட்டையான பரப்புக்குக் கொண்டுவந்தால்தான் ஒரு முகம் தன் நினைவில் நிற்கிறது என்றும் சொல்லியிருக்கிறார்.

ஜாடை எங்கே இருக்கிறது? கண்ணிலா?

இல்லை. தொடக்கநிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இது. கடற்கரைச் சாலையில் நூறடி தள்ளி நடந்து வருகிறவரை, கண்ணோ உதடோ தெரியாத தூரத்திலேயே இன்னார் என்று கண்டுகொள்கிறோம். தலையின் மொத்த வடிவம், நெற்றிக்கும் தாடைக்கும் உள்ள விகிதம், கண்குழி நிழலின் அகலம், கழுத்து தோளில் அமரும் கோணம் ஆகியவற்றை வைத்துத்தான் ஆளை அறிகிறோம். ஜாடை உறுப்புகளில் இருப்பதைவிட உறுப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகளில்தான் அதிகம் இருக்கிறது. மூக்கடிக்கும் மேலுதட்டுக்கும் இடையிலான தூரம், புருவத்துக்கும் இமைக்கும் நடுவே உள்ள சதை, கீழுதட்டிலிருந்து மோவாய் வரை உள்ள நீளம் ஆகிய மூன்றும் சரியாக அமைந்துவிட்டால், கண்ணை வெறும் நிழலாக விட்டாலும் ஆள் தெரிவார்.

எனவே முதல் ஒரு மணி நேரம் கண்ணுக்குள் போகவே கூடாது. கண்ணைச் சுருக்கிப் பார்த்து, வெளிச்சம் ஒரு வடிவம், நிழல் ஒரு வடிவம் என்று இரண்டே திட்டுகளாகப் பிரித்துப் போடுங்கள். அந்த இரண்டு திட்டுகளில் ஆள் தெரியாவிட்டால், பிறகு எத்தனை இமைமயிர் வரைந்தாலும் தெரியமாட்டார்.

பொதுவான அளவுகளை மனப்பாடம் செய்ய வேண்டுமா?

செய்யுங்கள். ஆனால் எதற்காக என்று தெரிந்து செய்யுங்கள். உச்சியிலிருந்து மோவாய் வரை உள்ள தூரத்தின் சரிபாதியில் கண் வரும். தலையின் அகலம் ஏறத்தாழ ஐந்து கண் அகலம். முடி தொடங்கும் கோட்டிலிருந்து புருவம், புருவத்திலிருந்து மூக்கடி, மூக்கடியிலிருந்து மோவாய் என மூன்று சமபங்கு. காது, புருவத்துக்கும் மூக்கடிக்கும் நடுவில். குழந்தைகளுக்குக் கண், பாதிக்கும் கீழே இறங்கியிருக்கும். நெற்றியைக் குறைத்து வரைந்தால் குழந்தை குள்ளமான பெரியவராகிவிடும்.

நம் சிற்ப மரபிலும் இதுபோன்ற கணக்கு உண்டு. முகத்தின் நீளம் ஒரு தாளம்; ஒரு தாளத்துக்கு 12 அங்குலம். இது இஞ்ச் அல்ல, உருவத்துக்குத் தக்கபடி மாறும் விகித அளவு. அது தெய்வ உருவத்துக்கான கணக்கு என்பதால் முகங்கள் ஒரே இலக்கணத்துக்குள் அடங்கும். ஓர் ஆளை வரையும்போது இதே கணக்கு வேறு விதமாகப் பயன்படும். இவர் எங்கெல்லாம் கணக்கை மீறுகிறார் என்று பார்க்க வேண்டும். மூன்று பங்கில் எது நீளம்? கண்களுக்கு நடுவே ஒரு கண் அகலம் இருக்கிறதா, கூடுதலா? எந்தக் கண் தாழ்ந்திருக்கிறது? எந்த வாயோரம் ஏறியிருக்கிறது? வரையத் தொடங்குமுன் இப்படி நான்கைந்து மீறல்களைத் தாளின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வேலை நடக்க நடக்க கை தானாகவே எல்லாவற்றையும் சராசரிக்கு இழுக்கும். அப்போது இந்தக் குறிப்பு காப்பாற்றும்.

நேரில் பார்த்து வரையும்போது எப்படி அளவெடுப்பது?

பென்சிலைப் பிடித்த கையை முழங்கை மடியாமல் நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். முழங்கை கொஞ்சம் மடிந்தாலும் அளவு மாறிப்போகும். அளவு தவறுவதற்கு முதல் காரணம் அதுதான். முதலில் தலையின் உயரத்தையும் அகலத்தையும் ஒப்பிட்டு, அந்தச் சட்டத்தைக் கேன்வாஸில் நான்கு கோடுகளாகக் குறியுங்கள். பிறகு கண்கோட்டின் சாய்வு. தலை நேராக இருப்பது போலத் தோன்றினாலும் பெரும்பாலும் இருக்காது. பிறகு தூக்குநூல்: நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, கண்ணின் உள்மூலைக்கு நேர் கீழே மூக்கின் எந்தப் புள்ளி வருகிறது, கருவிழிக்குக் கீழே வாயோரம் வருகிறதா, தள்ளிப் போகிறதா என்று பாருங்கள். நூல் பொய் சொல்லாது.

தலையை உண்மை அளவைவிடச் சற்றுக் குறைத்து வரையுங்கள். பெரியவர் தலை உச்சியிலிருந்து மோவாய் வரை ஏறத்தாழ 22 சென்டிமீட்டர். 16×20 இஞ்ச் கேன்வாஸில் 18 முதல் 20 சென்டிமீட்டர் நன்றாக அமரும். உண்மை அளவைத் தாண்டிவிட்டால் சுவரில் மாட்டும்போது முகம் முன்னுக்குத் துருத்திக்கொண்டு நிற்கும். முகம் பார்க்கும் பக்கத்தில் கொஞ்சம் கூடுதல் வெளி விடுங்கள்.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேன்வாஸைக் கைக்கண்ணாடியில் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் சரிந்த தாடையும் உயரம் தவறிய கண்ணும் அதில் உடனே பளிச்சென்று தெரியும். படத்தைத் தலைகீழாக நிறுத்துவது நிழல் திட்டுகளைச் சரிபார்க்க நல்லது. ஜாடையைச் சரிபார்க்க உதவாது. தலைகீழ் முகத்தில் நம் மூளை கோளாறுகளைச் சரியாகக் கண்டுபிடிப்பதில்லை.

எல்லாப் புத்தகங்களிலும் "வடக்கு ஜன்னல்" என்கிறார்களே, நம் ஊருக்கு அது பொருந்துமா?

பாதி ஆண்டுக்குத்தான் முழுசாகப் பொருந்தும். அந்த அறிவுரை ஐரோப்பாவில் பிறந்தது. அங்கே சூரியன் உச்சிவேளையில் எப்போதும் தெற்கில்தான் நிற்கும். புதுச்சேரி ஏறத்தாழ 12 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. அதுவும் உச்சியிலிருந்து 12 பாகைக்குள் என்பதால், ஜன்னலுக்கு மேல் 2 அடி சன்ஷேடு இருந்தால் நண்பகல் வெயில் உள்ளே விழாது. தொல்லை தருவது காலையும் மாலையும்தான். மார்ச் 21க்குப் பிறகு செப்டம்பர் 23 வரை சூரியன் வடகிழக்கில் எழுந்து வடமேற்கில் விழுவதால், அந்த நேரங்களில் வடக்கு ஜன்னலில் நேர்வெயில் சாய்ந்து வந்து, மாடலின் கன்னத்தில் ஆரஞ்சுப் பட்டை போடும்.

அந்த மாதங்களில் காலை 10 மணி முதல் பிற்பகல் 2.30 வரை வேலை வைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் ஜன்னலுக்கு வெள்ளை மல் துணியை ஒற்றையாகக் கட்டுங்கள். ஜன்னலின் கீழ்ப்பாதியை அட்டையால் மறைத்து, மேல்பாதியிலிருந்து மட்டும் ஒளி இறங்கும்படி செய்தால் கண்குழி, மூக்கு, உதடு மூன்றின் நிழலும் ஒழுங்காக விழும். மாடல் ஜன்னலிலிருந்து 5 அடி தள்ளி, முகம் ஒளிக்கு முக்கால் பங்கு திரும்பியபடி உட்காரட்டும்.

இன்னொன்று. பிரெஞ்சுப் பகுதித் தெருக்களிலும் முற்றமுள்ள வீடுகளிலும் எதிர்ச்சுவர் மஞ்சளாக இருந்தால், அந்த மஞ்சள் தாடையின் கீழ்ப்புறத்திலும் கழுத்திலும் ஏறும். அது வேண்டுமென்றால் வரையுங்கள். வெளியில் உட்கார்த்தி வரைவதன் அழகே அதுதான். வேண்டாமென்றால் நிழல் பக்கத்தில் ஒரு சாம்பல் நிறத் துணியைத் தொங்கவிடுங்கள். பக்கத்தில் இருப்பதைக் கவனிக்காமல், "நிழல் ஏன் பச்சையாகத் தெரிகிறது" என்று குழம்புகிறவர்கள் அநேகம்.

இரவில்தான் நேரம் கிடைக்கிறது. எல்இடி விளக்கு போதுமா?

போதும். ஒளியின் நிறம் 5000 கெல்வின், நிறங்களை உள்ளபடி காட்டும் அளவான நிறத்துல்லியக் குறியீடு (CRI) 90க்கு மேல் உள்ள விளக்கு வாங்குங்கள். இரண்டும் அச்சிட்டிருக்கிறதா என்று அட்டையில் பாருங்கள். மாடலுக்கு ஒன்று, கேன்வாஸுக்கும் வண்ணம் கலக்கும் பேலட்டுக்கும் அதே ரகத்தில் இன்னொன்று. கேன்வாஸுக்கு மட்டும் மஞ்சள் பல்பு என்றால், காலையில் பார்க்கும்போது முகம் நீலம் பாய்ந்திருக்கும்.

மாநிறம், கறுப்பு நிறம் கொண்ட முகங்கள் ஏன் சாம்பல் பூத்தது போல வந்துவிடுகின்றன?

வெள்ளையைப் போட்டு வெளிச்சமாக்குவதால். டைட்டானியம் வெள்ளை எந்த நிறத்தோடு சேர்ந்தாலும் அதைக் குளிர்வித்து, சுண்ணாம்பு பூசியது போலாக்கிவிடும். வெளிறிய சருமத்தில் அது அவ்வளவாகத் தெரியாது. நம் நிறத்தில் உடனே தெரியும். கடையில் "சரும நிறம்" என்று விற்கும் டியூப் நம் ஊர் முகம் எதற்கும் ஆகாது. அதை வாங்க வேண்டாம்.

பேலட்டில் மஞ்சள் ஓக்கர், பர்ன்ட் சியன்னா, பர்ன்ட் அம்பர், கேட்மியம் சிவப்பு, அலிசரின் கிரிம்சன், அல்ட்ராமரின் நீலம், டைட்டானியம் வெள்ளை ஆகிய ஏழும் போதும். மாநிறத்துக்கு அடிப்படையாக ஓக்கர் 2 பங்கு, பர்ன்ட் சியன்னா 2 பங்கு, அல்ட்ராமரின் அரைப் பங்கு கலந்து தொடங்குங்கள். அடர்ந்த கறுப்பு நிறத்துக்கு பர்ன்ட் சியன்னா 3, அல்ட்ராமரின் 2, அலிசரின் ஒரு பொட்டு. இவை தொடக்கப் புள்ளிகள்தான். எதிரே உள்ள முகத்தைப் பார்த்து நகர்த்த வேண்டும். வெளிச்சமாக்க முதலில் ஓக்கரையும் சிவப்பையும் ஏற்றுங்கள். வெள்ளையைக் கடைசியாக, கொஞ்சமாக. நிழலுக்குக் கறுப்பு டியூப் வேண்டாம். அம்பரும் அல்ட்ராமரினும் சேர்ந்தாலே கறுப்புக்கு மிக அருகில், ஆனால் உயிரோடு இருக்கும் ஓர் இருட்டு கிடைக்கும்.

கறுப்புச் சருமத்தின் பெரிய செல்வம் அதன் மினுக்கம். நெற்றியிலும் மூக்குத்தண்டிலும் கன்ன எலும்பிலும் விழும் ஒளி சருமத்தின் நிறத்தைக் காட்டாது. வானத்தின் நிறத்தைக் காட்டும். ஜன்னல் ஒளியில் அது வெளிர்நீலமாகவே இருக்கும். அங்கே துணிந்து நீலம் கலந்த வெளிச்சத்தை வைத்தால்தான் பக்கத்தில் உள்ள செம்பழுப்பு சூடாகத் தெரியும். இந்த ஒன்றைக் கற்றுக்கொண்டவருக்கு நம் மக்களின் முகங்களை வரைவதில் கிடைக்கும் இன்பம் வேறு எதிலும் கிடைக்காது.

முகம் முழுக்க ஒரே நிறம் என்றும் எண்ணாதீர்கள். நம்மவர் பலருக்கு நெற்றியும், கண்ணைச் சுற்றிய பகுதியும், வாயைச் சுற்றிய பகுதியும் கன்னத்தைவிட அடர்ந்திருக்கும். காது மடலும் மூக்கு நுனியும் சிவப்பேறியிருக்கும். சவரம் செய்த தாடை நீலச்சாம்பல். பவுடர் பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்தால் இதெல்லாம் மறைந்துவிடும். முகத்தைக் கழுவிவிட்டு உட்காரச் சொல்வது நல்லது. எண்ணெய் தடவிய தலைமுடிக்கு மயிர் மயிராகக் கோடு வேண்டாம். இருண்ட ஒரு திட்டு, அதன்மேல் வளைந்து ஓடும் நீல வெளிச்சம் ஒன்று போதும்.

ஒரே ஒரு பயிற்சி சொல்லச் சொன்னால், ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் சோர்ன் (1860–1920) பெயரால் வழங்கும் நான்கு நிறத் தட்டு: ஓக்கர், வெர்மிலியன், ஐவரி கறுப்பு, வெள்ளை. அதில் ஐவரி கறுப்பே நீலத்தின் வேலையைச் செய்யும். நிறம் குறையக் குறைய ஒளியளவைப் பார்க்கும் கண் கூர்மையாகும்.

மாடலை எவ்வளவு நேரம் உட்கார வைக்கலாம்?

20 அல்லது 25 நிமிடம், பிறகு 5 நிமிட ஓய்வு. ஒரு அமர்வு 2 மணி நேரம். ஒரு தலைக்கு மூன்று முதல் ஐந்து அமர்வு. நாற்காலியின் நான்கு கால்களையும் பாதங்களையும் தரையில் சாக்பீஸால் குறித்துவிடுங்கள். பார்வைக்கு எதிர்ச்சுவரில் ஒரு புள்ளி. நீங்கள் நின்று வரைவதானால் மாடலின் கண் உங்கள் கண்மட்டத்துக்கு வரும்படி ஓர் அடி, ஒன்றரை அடி உயர மேடை போடுங்கள். இல்லாவிட்டால் தலையுச்சியைத்தான் வரைவீர்கள். மே மாதப் புழுக்கத்தில் மின்விசிறியை மாடலின் பக்கம் வையுங்கள், முடி பறக்காத கோணத்தில். வயதானவரை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார வைக்காதீர்கள்; இமை இறங்கிவிடும், தாடை தொய்ந்துவிடும், அது அவர் முகம் அல்ல.

பேசவிட வேண்டுமா? முதல் அமர்வில் அவசியம் பேசவிடுங்கள். பேசும்போது எந்தப் பக்கம் தலை சாய்கிறது, எந்தப் புருவம் ஏறுகிறது என்பது தெரிந்துவிடும். வாய் வரையும் அன்று மட்டும் மௌனம்.

போட்டோவைப் பார்த்து வரையலாமா?

வரையலாம். எடுக்கும் விதம் முக்கியம். செல்போனின் முதன்மைக் கேமரா அகலக் கோணம் கொண்டது. கை எட்டும் தூரத்தில் எடுத்தால் மூக்கு பெருத்து, காதுகள் பின்னுக்குப் போய், தாடை குறுகிவிடும். இது லென்ஸின் குற்றம் என்பதைவிடத் தூரத்தின் குற்றம். 2 மீட்டர் தள்ளி நின்று, 2 மடங்கு ஜூம் வைத்து, அவர் கண்மட்டத்தில் எடுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம்; அது முகத்தின் மேடுபள்ளத்தை அழித்துவிடும். அழகூட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். ஒரே படத்தை நம்பாமல், அதே ஒளியில் பக்கவாட்டிலிருந்தும் முக்கால் கோணத்திலிருந்தும் எடுத்து வையுங்கள். மூக்கு எவ்வளவு முன்னுக்கு வருகிறது என்பதை நேர்ப்படம் சொல்லாது. போட்டோவில் நிழல்கள் உண்மையைவிட இருண்டு அடைந்துபோயிருக்கும். அவற்றை அப்படியே நகலெடுக்காமல் கொஞ்சம் திறந்து வரையுங்கள்.

வாரம் ஒருமுறையாவது நேரில் வரையாமல் போட்டோவிலேயே பழகுகிறவரின் படங்களில் முகம் அட்டையில் வெட்டி ஒட்டியது போல நிற்கும்.

இறந்துபோன அப்பாவின் பாஸ்போர்ட் போட்டோ ஒன்றுதான் இருக்கிறது. 16ஆம் நாள் படத்திறப்புக்கு வேண்டும் என்கிறார்கள். என்ன செய்வது?

நம் பக்கத்தில் ஓவியருக்கு அதிகம் வரும் வேலை இதுதான். பொறுப்பும் இதில்தான் அதிகம், ஏனென்றால் திருத்தம் சொல்ல அவர் இல்லை.

முதலில் காலக்கணக்கு. கெட்டியான தைல வண்ணப் படம் இரண்டு வாரத்தில் கண்ணாடி போடும் நிலைக்கு வராது. வெள்ளை கலந்த பகுதி தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரவே ஒரு வாரம் ஆகலாம், மழைக்காலத்தில் அதற்கும் மேலே. ஐவரி கறுப்பு இன்னும் தாமதம். அம்பர் மட்டும் சீக்கிரம் காயும். எனவே இவ்வளவு குறைந்த நாளில் கேட்டால் அக்ரிலிக் அல்லது கரித்துண்டு ஓவியம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். தைல வண்ணம்தான் வேண்டுமென்றால் முதல் ஆண்டு நினைவு நாளுக்குத் தரலாம்.

அடுத்து, அந்தச் சிறிய போட்டோவைப் பெரிதாக்கினால் கிடைப்பது மங்கல்தான். வீட்டில் கல்யாண ஆல்பம், ரேஷன் கார்டு, குடும்பப் படம் எதுவானாலும் கேளுங்கள். வேறு கோணம், வேறு வயது என்றாலும் எலும்பமைப்பு பெரிதாக மாறாது. உடன்பிறந்தவரோ மகனோ ஜாடையில் நெருங்கியவராக இருந்தால், அவரை அதே ஒளிக்கோணத்தில் உட்கார வைத்துக் காது, கழுத்து, தாடையின் திருப்பம் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். கண், வாய், மூக்கு மூன்றையும் மட்டும் போட்டோவிலிருந்தே எடுங்கள். பாதி வேலையில் குடும்பத்தில் இருவரை அழைத்துக் காட்டுங்கள், பத்துப் பேரை வேண்டாம். பத்துப் பேருக்கும் பத்து அப்பா நினைவில் இருப்பார். "என்ன மாற்றலாம்?" என்று கேட்டால் பதில் வராது. "மூக்கா, வாயா, தாடையா, எது அவர் இல்லை?" என்று கேளுங்கள்.

சட்டம் போடும்போது, கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே 3 மில்லிமீட்டராவது இடைவெளி இருக்க மவுண்ட் அட்டை வையுங்கள். சந்தனமும் குங்குமமும் கண்ணாடி மேல் வைப்பார்கள், மாலை ஈரத்தோடு தொங்கும், ஊதுபத்திப் புகை ஏறும். தாள் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் முதல் மழையிலேயே பூஞ்சை பிடிக்கும்.

கட்டம் போட்டு வரைவது ஏமாற்று வேலையா?

இல்லை. ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன் பேனரும் கட்டவுட்டும் வரைந்தவர்கள் முப்பதடி முகத்தைக் கட்டம் போட்டுத்தான் ஏற்றினார்கள். இத்தனை பெரிய முகத்தில் ஜாடை தவறாமல் நிறுத்தியது சாதாரணத் திறமை அல்ல. கட்டம் இடத்தைச் சொல்லும். வடிவத்தைச் சொல்லாது. அதை நேரில் வரைந்துதான் பழக வேண்டும்.

கண், பல், மூக்குத்தி, கண்ணாடி போன்றவற்றில் வழக்கமாக என்ன தவறு நடக்கிறது?

கண்ணின் வெள்ளை வெள்ளையல்ல. அது ஓர் உருண்டை. மேலிமையின் நிழல் அதன்மேல் விழும். சாம்பல் கலந்த பழுப்பில் தொடங்குங்கள். கருவிழியில் விழும் ஒளிப்புள்ளி இரண்டு கண்ணிலும் ஒரே திசையில் இருக்க வேண்டும், ஆனால் ஒரே அளவில் இருக்கத் தேவையில்லை.

பற்களுக்கு நடுவே கோடு போடாதீர்கள். போட்டால் சிரிப்பு கோரமாகும். பல்வரிசையை ஒரே திட்டாக வைத்து, ஈறின் ஓரத்திலும் வாயின் இரு மூலைகளிலும் இருட்டாக்கினால் போதும். உதட்டைச் சுற்றிக் கோடு போடுவதும் அதே ரகத் தவறு. கீழுதட்டை அதன் அடியில் விழும் நிழல்தான் காட்டுகிறது. நாசித்துவாரம் கறுப்பல்ல, அடர்சிவப்பு.

மூக்குத்தி, தோடு, தாலிச்சரடு எல்லாம் கடைசி அமர்வில். தங்கத்துக்கு அம்பர் இருட்டு, ஓக்கர் நடு, ஒரே ஒரு கூரிய வெளிச்சம். பொட்டு வட்டம் என்று வட்டமாகவே வைத்தால் நெற்றி தட்டையாகிவிடும். தலை திரும்பிய அளவுக்கு அதுவும் நீள்வட்டமாகும். கிட்டப்பார்வைக் கண்ணாடி போட்டவருக்கு, கண்ணாடிக்குள் தெரியும் கன்னத்தின் ஓரம் உள்வாங்கித் தெரியும். அந்த உடைவை வரையாவிட்டால் வெறும் ஃபிரேம் மாட்டியது போலிருக்கும். வெள்ளெழுத்துக் கண்ணாடியில் கண் பெரிதாகும்.

"கொஞ்சம் சிவப்பாக, கொஞ்சம் இளமையாக வரையுங்கள்" என்கிறார்களே?

சிவப்பாக்காதீர்கள். நிறத்தை மாற்றினால் நிழலின் கணக்கு முழுக்க மாறி, முகமே வேறாளுடையதாகிவிடும். அது அந்த மனிதருக்குச் செய்யும் மரியாதையும் அல்ல. ஒளியைக் கூட்டித் தருகிறேன் என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அவர்கள் கேட்பதும் அதைத்தான். முகப்பரு, அன்றைய கண்வீக்கம் போன்று வந்து போகிறவற்றை விட்டுவிடலாம். மச்சம், தழும்பு, நெற்றிக்கோடு இருக்க வேண்டும்.

உருவப்படம் வேறு, மனதில் நிறுத்தும் முகம் வேறு. திருவள்ளுவரைப் பார்த்தவர் யாருமில்லை. இன்று நாம் அறிந்த முகம் கே. ஆர். வேணுகோபால் சர்மா வரைந்தது. பாரதி 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்தார். அவரது போட்டோக்கள் மிகச் சிலவே உள்ளன. முண்டாசும் முறுக்கு மீசையுமாக எல்லோர் நினைவிலும் நிற்கும் முகம் ஆர்யா என்ற பாஷ்யம் வரைந்தது. அந்த வேலைக்கு வேறு இலக்கணம்.

பழக முகங்களுக்கு எங்கே போவது?

மாலையில் வண்டிகளை உள்ளே விடாத கடற்கரைச் சாலை, ஞாயிறு சந்தை நடக்கும் மகாத்மா காந்தி சாலை, பெரிய மார்க்கெட், கடலூர் முதுநகர் துறைமுகம், தேவனாம்பட்டினம் கடற்கரை. சிறிய நோட்டுப் புத்தகம், 4பி பென்சில், ஒரு முகத்துக்கு 3 நிமிடம். வலை பின்னுகிறவரும் மீன் கூறு போடுகிறவரும் ஒரே அசைவுக்குத் திரும்பத் திரும்ப வருவார்கள். அசைவு மீண்டும் வரும்போது விட்ட இடத்தைத் தொடருங்கள். நெருங்கி உட்கார்ந்து வரைவதானால் முதலில் அனுமதி கேளுங்கள். ஏலம் நடக்கும் நேரத்தில் குறுக்கே நிற்காதீர்கள். வேலையை நிறுத்தி உங்களுக்காக உட்கார்ந்தால் அவரது அரைநாள் கூலியைக் கொடுங்கள். மீனவர் என்றாலே சுருக்கம் விழுந்த முகம் என்று தேடிப் போவதையும் விடுங்கள். அது முகத்தைப் பார்ப்பதாகாது.

முறையாகப் படிக்க அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. புதுச்சேரி அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிகளுக்கு முன் உட்கார்ந்து தலைகளை வரைவது நல்ல பயிற்சி. அவை அசையாது, ஒளி மாறும்போது முகத்தின் மேடுபள்ளங்கள் வேறாகத் தெரிவதைப் பொறுமையாகப் பார்க்கலாம். வில்லியனூர் சுடுமண் கைவினைக்குப் பேர்போன ஊர். அங்கே களிமண் வாங்கி, ஒரு தலையை ஒருமுறையாவது கையால் பிடித்துப் பாருங்கள். கண்குழி எவ்வளவு ஆழம் என்பது விரலுக்குத் தெரிந்தபின் கோடு மாறும். நீர்வண்ணத்துக்கும் கரித்துண்டுக்கும் அரவிந்தர் ஆசிரமத்தின் கையால் செய்த காகிதத்தை முயன்று பாருங்கள். நீர்வண்ணத்துக்கு 300 ஜிஎஸ்எம் கனமாவது இருக்கட்டும்.

மழைக்காலத்தில், கடல்காற்றில் ஓவியத்தை எப்படிக் காப்பது?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை கேன்வாஸ் தொய்யும். பின்புற மூலைகளில் உள்ள ஆப்புகளை லேசாகத் தட்டினால் போதும். மழையில் இறுக்கமாக முறுக்கினால் வெயில் வந்ததும் வண்ணம் வெடிக்கும். கடலைப் பார்த்த வெளிச்சுவரில் மாட்ட வேண்டாம். எந்தச் சுவரானாலும் சட்டத்தின் கீழ்மூலைகளில் ஒரு சென்டிமீட்டர் தக்கை ஒட்டி, பின்னால் காற்று ஓட விடுங்கள். வார்னிஷ், படம் முடிந்து 6 மாதம் கழித்து, பிப்ரவரி, மார்ச் போன்ற காய்ந்த நாளில் பூசுங்கள். ஈரக்காற்றில் பூசினால் வெள்ளைப் புகைபோல் படர்ந்துவிடும். அடிப்பூச்சில் டர்பன்டைன் அதிகம், மேல்பூச்சில் எண்ணெய் அதிகம் என்ற வரிசையை மாற்றினால், மேல் அடுக்கு முதலில் காய்ந்து முகம் முழுக்கக் கீறல் விழும். ஹார்டுவேர் கடைத் தின்னர் ஓவியத்துக்கு ஆகாது.

லின்சீட் எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். காயும்போது அதுவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள் அல்லது தண்ணீர் உள்ள டப்பாவில் போட்டு மூடுங்கள்.

பணம் வாங்கி வரைந்த முகத்தின் பதிப்புரிமை யாருக்கு?

வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொல்லிப் பணம் கொடுத்தவருக்கு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அந்தப் படத்தைக் கண்காட்சியில் வைக்கவோ, அச்சிட்டு விற்கவோ, இணையத்தில் போடவோ எண்ணமிருந்தால் முன்பணம் வாங்கும் அன்றே ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அதே தாளில் எத்தனை தலை, கை வருமா வராதா, அளவு, வண்ண வகை, தரும் நாள், எத்தனை முறை திருத்தம் ஆகியவற்றையும் சேருங்கள். பாதித் தொகை முன்பணமாக, மீதி படத்தை எடுத்துச் செல்லும்போது. கை வரைவதற்குத் தனியாகக் கேளுங்கள். நன்றாக வரைந்தால் இரண்டு கைகள் ஒரு முகத்துக்கு ஆகும் நேரத்தை எடுத்துக்கொள்ளும்.